ரிசர்வ் டேக்காகப் போட்ட திங்கட்கிழமை டிக்கெட்

2024 ஜூன் கடைசியில் கரீபியன் தீவான பார்படோஸுக்குத் தனியாகப் போய் மாட்டிக்கொண்ட கதை இது. டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்க்கப் போனேன். ஆட்டம் பார்த்தேன், கோப்பையும் நமக்கே வந்தது, கூடவே பெரில் என்ற சூறாவளியும் வந்தது. அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் போகலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஏப்ரலிலேயே டிக்கெட் போட்டுவிட்டேன். அப்போது இறுதி ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும், ஒரு நம்பிக்கைதான். ஆட்டம் ஜூன் 29, சனிக்கிழமை. மழை பெய்தால் மறுநாள் ஞாயிறு ரிசர்வ் டே. ஆகவே திரும்பி வர ஜூலை 1, திங்கள் மதிய விமானம். போட்டபோது என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், என்ன முன்யோசனை என்று! விலையும் ஆசை காட்டியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே சீசன், மழைக்காலம் தொடங்கியதும் அறை வாடகை இறங்கிவிடும். கடலுக்கு எதிரிலேயே, வொர்திங் என்ற இடத்தில், தரைத்தளத்தில் ஒரு அறை இரவுக்கு 95 அமெரிக்க டாலருக்குக் கிடைத்தது. தரைத்தளம், கடலுக்கு எதிரில் என்ற இரண்டையும் அப்போது சாதகமாகத்தான் படித்தேன்.

மழையைப் பற்றி நான் படித்ததெல்லாம் இவ்வளவுதான்: சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை, ஜூனில் அவ்வப்போது தூறல். அந்தத் தீவுகளில் ஒரு பழைய சொலவடைகூட இருக்கிறது, ஜூன் என்றால் இன்னும் நாள் இருக்கிறது, ஜூலை என்றால் தயாராகு, ஆகஸ்டில் கண் வை, செப்டம்பரை மறக்காதே, அக்டோபரில் எல்லாம் ஓய்ந்தது என்கிற மாதிரி. பொய்யில்லை, ஆனால் சராசரிக் கணக்கு. 2024-ல் அட்லாண்டிக் கடல் ஜூனிலேயே செப்டம்பர் அளவுக்குச் சூடேறிக் கிடந்தது. சூறாவளி காலண்டரைப் பார்ப்பதில்லை, கடலின் சூட்டைப் பார்க்கிறது. இன்னொன்றும் எனக்குத் தெரியாது: மூன்றே வருடம் முன்பு, 2021 ஜூலை 2 அன்று எல்சா என்ற சூறாவளி இதே பார்படோஸைத் தாக்கியிருக்கிறது. 1955-க்குப் பிறகு அந்தத் தீவைத் தொட்ட முதல் சூறாவளி அதுதான், அதுவும் வந்தது ஜூலை முதல் வாரத்தில். ஊர்ப் பெயரையும் சூறாவளி என்ற வார்த்தையையும் சேர்த்து ஒரு தடவை தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடியது மைதானத்துக்குப் பக்கத்தில் நல்ல சாப்பாடு எங்கே என்று.

நான் கடலூர்க்காரன். தானே புயலில் ஊரே மொட்டையானதைப் பார்த்தவன். துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று ஒரு மிதப்பு இருந்தது. உண்மையில் அந்த அனுபவம் பாதிதான் உதவியது. ஊரில் புயல் வந்தால் வீடு இருக்கும், பக்கத்து வீடு இருக்கும், அரிசி பருப்பு இருக்கும். சூட்கேஸோடு தனியாக ஒரு அறையில் இருப்பவனுக்கு இது எதுவும் கிடையாது.

ஜூன் 27 வியாழக்கிழமை போய் இறங்கினேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸில் விசா வேண்டாம், அது சுலபம். ஆனால் அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், கனடா, மெக்சிகோவுக்குக் கொஞ்ச நாள் போய்வருகிறவர்கள் அதே முத்திரையோடு திரும்பி வர இருக்கும் சலுகை நமக்கு இந்தத் தீவுகளுக்குப் பொருந்தாது. என் முத்திரைக்கு இன்னும் மூன்று வாரம்தான் உயிர் இருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவே இல்லை, பிறகு விமானம் தள்ளித் தள்ளிப் போனபோது ராத்திரி படுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன்.

முதல் இரண்டு நாள் சாதாரண மழைக்கால வானிலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். திடீரென்று பத்து நிமிடம் கொட்டும், உடனே வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டை காய்வதற்குள் மறுபடி கொட்டும். போன் ஆப்பில் எல்லா நாளுக்கும் இடி மின்னல் படம்தான் இருக்கும், அதை நம்பி எந்தத் திட்டத்தையும் ரத்து செய்ய வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் பாத்ஷீபா பக்கம் போனபோது கரை முழுக்கப் பழுப்பு நிறக் கடற்பாசி குவிந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, சர்காசம் என்கிறார்கள், கோடை மாதங்களில் அதிகமாக ஒதுங்குமாம். மேற்குக் கரை சுத்தமாக இருந்தது. குளிக்கிற ஆசை இருந்தால் மேற்கே அறை எடுங்கள். அப்புறம் மழைக்கு ஒதுங்கும்போது மரம் பார்த்து ஒதுங்குங்கள். கடற்கரையில் ஒரு மரத்தடிக்கு ஓடினேன், தேங்காய் விற்கிறவர் அங்கிருந்து கத்தினார், வெளியே வா வெளியே வா என்று. மாஞ்சினீல் மரமாம். சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய், கடித்தால் விஷம், மழையில் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும். சில மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருக்கிறார்கள், சிலவற்றில் இல்லை. நான் நின்றது இல்லாத மரம். இன்னொரு சின்ன விஷயம், ராணுவ உடை மாதிரி டிசைன் போட்ட துணி எதையும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி தப்பு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆய்ஸ்டின்ஸ் போனேன். மீனவர் ஊர், வெள்ளி இரவு அங்கே மீன் வறுவல் திருவிழா மாதிரி நடக்கும். பிளாஸ்டிக் தட்டில் சுட்ட மீனும் மக்ரோனி பை (pie) என்கிற பாஸ்தா பண்டமும் வாங்கி, கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளைப் பார்த்தபடி சாப்பிட்டேன், எங்கே பார்த்தாலும் நீல ஜெர்சி, தெரியாத ஆட்கள் எல்லாம் கட்டிப்பிடித்தார்கள். அதே சாயந்திரம்தான் தூரத்து அட்லாண்டிக்கில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதாக அறிவித்தார்கள், நள்ளிரவுக்குள் அதற்குப் பெரில் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் விமானம் ஏறிய வியாழக்கிழமையே மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையத்தின் ஏழு நாள் வரைபடத்தில் அந்த இடத்துக்கு நிறம் பூசியிருந்தார்கள். மஞ்சள் என்றால் உருவாகக் குறைந்த வாய்ப்பு, ஆரஞ்சு நடுத்தரம், சிவப்பு என்றால் அநேகமாக உருவாகும். இலவசம், ஒரு நிமிட வேலை. ஜூன் முதல் நவம்பர் வரை அந்தப் பக்கம் எங்கே போனாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து தினமும் காலையில் அந்த வரைபடத்தைப் பாருங்கள். நான் ஆட்டம் நடக்கும் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் சனிக்கிழமை எத்தனை சதவீதம் மழை என்று மட்டும் இருபது தடவை பார்த்தேன்.

ஆட்டத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. காலை 10.30-க்குத் தொடங்கி, மதியம் இரண்டு மணி வாக்கில் முடிந்தது, 7 ரன்னில் ஜெயித்தோம், கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த கேட்சுக்கு என் தொண்டை போய்விட்டது, போதும். சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. ஆட்டம் முடிந்து சில மணி நேரத்தில் பெரில் சூறாவளியாக வலுத்தது, பார்படோஸுக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது. அங்கே இரண்டு கட்டம் உண்டு. பலத்த காற்று வரக்கூடும் என்றால் சுமார் 48 மணி நேரம் முன்பே கவனிப்பு அறிவிப்பு, வரப்போகிறது என்றால் சுமார் 36 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. கவனிப்பு அறிவிப்பு சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது, நான் மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சனி மாலை விமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல், கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளலாம் என்று. நான் அதைத் திறந்தது ஞாயிறு காலை எட்டரைக்கு. ஆட்டம் சனியே முடிந்துவிட்டதால் ரிசர்வ் டே தேவையே இல்லை, ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் நான் கிளம்பியிருக்கலாம். ஞாயிறு காலை எட்டரைக்கு அதில் ஒரு இருக்கைகூட இல்லை.

இந்த ஒரு ராத்திரிதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. புயல் திங்கட்கிழமை அதிகாலை வருகிறது என்றால் விமான நிலையம் ஞாயிறு ராத்திரியே மூடிவிடும், கடைசி இருக்கைகள் சனி ராத்திரியே போய்விடும். ஆகவே ஒரு ஆள் முடிவெடுக்க வேண்டிய நேரம் காற்று வீசுவதற்கு ஒன்றரை நாள் முன்பு, வானம் நீலமாக இருக்கும்போது. வெயில் அடிக்கும்போது ஓடுவது கோழைத்தனமாகத் தோன்றும், கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றும், அந்தப் பார்க்கலாம்தான் ஆளை முடித்துவிடுகிறது. தேதி மாற்றச் சலுகை வந்தால் முதலில் மாற்றிவிடுங்கள், பிறகு புயல் திசை திரும்பினால் ஒரு நாள் கடற்கரை நஷ்டம், அவ்வளவுதானே.

சனி ராத்திரி நான் ஒன்றே ஒன்று செய்தேன், அதுவும் முட்டாள்தனம். அறைக்கு வந்து பாதி மயக்கத்தில் போனிலேயே 58 டாலருக்குப் பயணக் காப்பீடு எடுத்தேன். பிறகு பணம் கேட்டபோது கிடைத்த பதில் இரண்டு வரி. புயலுக்குப் பெயர் வைத்தது வெள்ளி இரவு, பாலிசி எடுத்தது சனி இரவு, ஏற்கெனவே தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு இல்லை. நியாயம்தான், வீடு பற்றி எரியும்போது பாலிசி எடுத்த கதை. டிக்கெட் போட்ட அன்றே எடுத்திருந்தால் கூடுதல் நாட்களின் அறை, சாப்பாடு இரண்டும் திரும்ப வந்திருக்க வாய்ப்பிருந்தது. கையில் இருக்கும் கிரெடிட் கார்டிலேயே சில சமயம் பயணக் காப்பீடு சேர்ந்திருக்கும், அந்தக் கார்டில் டிக்கெட் போட்டால் மட்டும். என் கார்டு ஒன்றில் இருந்தது. நான் போட்டது இன்னொன்றில், அதில் கேஷ்பேக் அதிகம் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வேறாக மாறிவிட்டது. பெட்ரோல் பங்கில் நீண்ட வரிசை, ஜன்னல்களுக்கு பிளைவுட் அடிக்கிற சத்தம் தெரு முழுக்க, சாயந்திரத்துக்குள் எல்லாக் கடையும் மூட வேண்டும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் கேன் தீர்ந்திருந்தது, எனக்குக் கிடைத்தது உப்பு பிஸ்கட், டின் மீன், ஆறு வாழைப்பழம், ஒரு மெழுகுவர்த்திப் பாக்கெட். பார்படோஸ் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், நன்றாகவே இருக்கும், ஆகவே கேனுக்கு அலையாமல் கையில் இருக்கிற எல்லாப் பாட்டிலையும் குழாயில் பிடித்து வைத்திருக்கலாம், இது கடையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா சொல்லித்தான் தெரியும். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அதன் பிறகு குழாயில் காற்றுதான் வரும், அதனால் பக்கெட்டிலும் பிடித்து வையுங்கள் என்றார். கார்டு மிஷின் வேலை செய்யாது, ஏடிஎம்மில் பணம் இருக்காது. என்னிடம் இருந்தது 140 பார்படோஸ் டாலர், அதாவது 70 அமெரிக்க டாலர். அங்கே இரண்டுக்கு ஒன்று என்று நிலையான மாற்று விகிதம். யாராவது இருபது டாலர் என்றால் எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள், டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே பேச வேண்டும்.

கெஸ்ட் ஹவுஸ்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மதியம் கதவைத் தட்டி, தரைத்தளத்தில் யாரும் இருக்கக் கூடாது, உடனே மூட்டை கட்டு என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, காசு கொடுத்த அறை, இப்போது எங்கே போவது என்று. அவர் பேசுகிற வேகத்தில் பாதி புரியவில்லை வேறு. செயின்ட் ஜார்ஜ் பக்கம், தீவின் உள்பகுதியில் தன் தங்கை வீட்டுக்குத்தான் என்னையும், கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியையும் கூட்டிப் போகிறார் என்று காரில் ஏறிய பிறகுதான் விளங்கியது. அது சுவர் வீடு. கான்கிரீட் வீட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், பழைய மர வீடுகளுக்கு சாட்டல் வீடு என்று பெயர். எல்சாவில் அந்தத் தங்கையின் முந்தைய மர வீட்டுக் கூரை பறந்துவிட்டதாம், அதற்குப் பிறகு கட்டியது இது. அறை எடுக்கும்போது எத்தனை மாடி, கூரை தகரமா கான்கிரீட்டா, கடலிலிருந்து எவ்வளவு தூரம், புயல் வந்தால் எங்கே போவீர்கள் என்ற நான்கையும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் வீட்டில் தங்காதீர்கள். நான் எதையும் கேட்காமலே நல்லவர் கையில் சிக்கினேன், அது என் அதிர்ஷ்டம்.

ராத்திரி பதினொன்றுக்கு அம்மா போன் செய்தார், ஊரில் காலை எட்டரை. "ஏன்டா, ரோஹித் சர்மாவெல்லாம் அங்கயே மாட்டிக்கிட்டாங்களாமே, நீ எங்கடா இருக்க?" என்றார். சுவர் வீட்டில் இருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அவர் போனை வைத்த பிறகு. காற்று அதிகாலையில்தான் ஏறியது. கூட்டமாக யாரோ கூரை மேல் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி சத்தம், மழை ஜன்னல் இடுக்கு வழியாகப் படுக்கைவாட்டில் உள்ளே வந்தது, விடிவதற்கு முன் கரண்ட் போனது. அந்த இரண்டு சகோதரிகளும் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சன்னமாகப் பாடிக்கொண்டே இருந்தார்கள். நான் பாஸ்போர்ட்டை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்து சட்டைக்குள் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புயலின் மையம் எங்களுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித்தான் போனது. அன்று முற்பகல் பக்கத்து நாடான கிரெனடாவின் கரியாகூ தீவில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகக் காற்றோடு கரை ஏறி, அங்கே ஏறக்குறைய எல்லா வீட்டுக் கூரையையும் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு விழுந்தது ஓரத்து அடி மட்டும். அதற்கே தெற்குக் கடற்கரை கந்தலாகிவிட்டது. திங்கள் மாலை கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பியபோது என் அறையில் கணுக்கால் அளவு மணல், கட்டிலுக்கு அடியில் ஒரு செத்த மீன். ஆய்ஸ்டின்ஸிலும் பிரிட்ஜ்டவுனிலும் படகுகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி உடைந்து கிடந்தன, சுமார் 200 படகுகள் சேதம் என்று பிறகு கணக்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நான் மீன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த படகுகள் அவை. அதற்கு மேல் என் டிக்கெட்டைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை, ஆனாலும் மனசு அதையே கணக்கு போட்டுக்கொண்டிருந்தது, மறைக்க மாட்டேன்.

திங்கள் முழுக்க விமான நிலையம் மூடியிருந்தது. செவ்வாய் காலை, இன்று திறந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு டாக்சி பிடித்து விமான நிலையம் போனேன், போக வர 50 டாலர் தண்டம். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையம் திறந்தாலும் உங்கள் விமானம் உடனே வராது, தேங்கி நிற்கிற எல்லோருக்கும் இருக்கை கிடைக்க நாளாகும், கையில் உறுதியான நேரம் இல்லாமல் போகவே போகாதீர்கள். எனக்குக் கிடைத்தது ஜூலை 5, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவுக்கு வரும் விமானம் ரத்தானால், நீங்கள் மாற்று விமானம் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், ஆனால் காரணம் வானிலை என்றால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் பொறுப்பில்லை. தொலைபேசியில் மூன்று மணி நேரம் காத்திருந்து நடக்காத வேலை, ஆப்பில் அரட்டைப் பகுதியில் இருபது நிமிடத்தில் நடந்தது, அதை முதலில் முயன்று பாருங்கள். புதன்கிழமை இந்திய அணிக்குத் தனி விமானம் வந்து கூட்டிப் போனது. அம்மா மறுபடி போன் செய்து, அவர்களோடு போய்விட முடியாதா என்று கேட்டார்.

கணக்கு கேட்பவர்களுக்கு: நான்கு இரவு கூடுதல் அறை 380 டாலர், அந்த வீண் டாக்சி 50, சாப்பாடும் மற்றதும் 160, உதவாத காப்பீடு 58, ஆக 648 டாலர். நான்கு நாள் கூடுதல் விடுப்பில் இரண்டுக்குச் சம்பளம் இல்லை. அறை வாடகையைத் திங்கட்கிழமைக்கு வாங்க மாட்டேன் என்றுதான் அந்தம்மா நின்றார், நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், மூன்று நாளாக இருவரும் சேர்ந்து மணல் அள்ளிய பிறகு அதில் பேரம் பேச என்ன இருக்கிறது. கிளம்பும்போது டார்ச், பவர் பேங்க், மிச்சமிருந்த மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை மாடி அறையை எடு, அதுவும் பிப்ரவரியில் வா, விலை இரண்டு மடங்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.